93-ஐ விட அந்த 97-தான் கவலை தருகிறது

கேள்வி: எங்கள் வீடு உதகை ஃபிங்கர்போஸ்ட் பக்கம். ரோட்டிலிருந்து நாற்பது படி ஏறி வரவேண்டும். அம்மா இறந்தபின் சாத்தூரில் தனியாக இருந்த அப்பாவை (வயது 68) மூன்று வாரம் முன்பு இங்கே அழைத்து வந்தோம். படி ஏறினால் அவருக்கு இரைக்கிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கருவி) ஊரில் 97, 98 காட்டும். இங்கே 93, சில நாள் 92. இரவில் குளிருக்காகக் கரிச்சட்டி வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தால் மறுநாள் காலை 97 காட்டுகிறது, ஆனால் தலை கனக்கிறது என்கிறார். பீடி குடித்தவர், விட்டுப் பத்து வருடம் ஆகிறது. இந்த ஊர் அவருக்கு ஆகாதா? திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாமா?

பதில்: முதல் வேலையாக அந்தக் கரிச்சட்டியைப் படுக்கையறையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். இன்றிரவு அது உள்ளே இருக்கக்கூடாது. காரணத்தைச் சொல்கிறேன், அதற்கு முன் 93-ஐப் பார்த்துவிடுவோம்.

அப்பா வரும்போது சாத்தூர் காராச்சேவு பாக்கெட் ஏதாவது கொண்டுவந்தாரா? அது இங்கே வந்து சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்கும். வெளியே காற்றின் அழுத்தம் குறைந்ததால் உள்ளிருக்கும் காற்று விரிகிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம், இங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் அதை உள்ளே தள்ளுகிற அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்.

அந்த அழுத்தம் எங்கே வேலை செய்கிறது? மூக்கில் நுழையும் காற்று சூடாகி, ஈரமாகி, மூச்சுக்குழாய் வழியே இறங்குகிறது. அந்தக் குழாய் இரண்டாக, நான்காக என்று இருபது தடவைக்கு மேல் கிளைபிரிந்து, கடைசியில் மிகச் சிறிய காற்றுப்பைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து முப்பது கோடிக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு பையையும் ரத்தக் குழாய்கள் வலைபோலச் சுற்றியிருக்கின்றன. நடுவில் உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. ஆக்ஸிஜன் அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போவது முழுக்க அழுத்த வித்தியாசத்தால்தான், யாரும் பம்ப் அடிப்பதில்லை. அழுத்தம் குறைந்தால் ரத்தத்தில் ஏறுவதும் கொஞ்சம் குறையும். அதனால் உதகையில் நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே 94, 95 காட்டுவது சகஜம். சமவெளியிலிருந்து புதிதாக வந்த பெரியவருக்கு 92, 93 என்றால் அந்த எண்ணுக்காக மட்டும் நான் பதற மாட்டேன். கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. அதை மலை ஊரில் அப்படியே பிடித்துக்கொள்ள முடியாது.

அதே சமயம் 90 என்பது ஒரு விளிம்பு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைகுந்தா வரை பெரிய வித்தியாசம் தெரியாது, கல்லட்டியில் திரும்பியதும் செங்குத்தாக இறங்கும். ரத்தத்தின் ஆக்ஸிஜனும் அப்படித்தான். 98-லிருந்து 92 வரை மெதுவான சரிவு, 90-க்குக் கீழே கிடுகிடு இறக்கம்.

இப்போது அந்த 97. குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைவதால் கருவி சில சமயம் குறைத்துக் காட்டும். கணப்பில் விரல் சூடானதால் எண் கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. மூடிய அறையில் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்குப் புகையில்லை, வாசனையில்லை. 'புகை அடங்கி நல்ல தணலாகிவிட்டது, இனி பயமில்லை' என்று சட்டியை உள்ளே எடுத்து வருவார்கள். இந்த வாயு வருவதே அந்தத் தணலிலிருந்துதான். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆக்ஸிமீட்டர் விரலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தின் நிறத்தைத்தான் படிக்கிறது. மோனாக்சைடு ஏறிய ரத்தமும் நல்ல சிவப்பாக இருக்கும். அதனால் விஷம் ஏறிய ரத்தத்தையும் கருவி 97 என்று படித்துவிடும். காலையில் தலை கனம், குமட்டல், வெளியே போய் நின்றால் தெளிவது, வீட்டில் மற்றவர்களுக்கும் அப்படியே இருப்பது என்றால் சந்தேகமே வேண்டாம். தூக்கத்திலேயே உயிர் போகிற விஷயம் இது. குளிருக்கு இன்னொரு கம்பளி, காலடியில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை போதும். தலைவலி தொடர்ந்தால், மயக்கமாக வந்தால், எல்லோரும் வெளியே வந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கரி வைத்துப் படுத்ததை அங்கே சொல்லுங்கள்.

சரி, இரைப்புக்கு வருவோம். இங்கே வந்த முதல் நாட்களில் உடம்பு கொஞ்சம் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுச் சமாளிக்கும். பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். முதல் வாரத்தில் எத்தனை படியில் நின்றார், இப்போது எத்தனையில் நிற்கிறார் என்று பாருங்கள். கூடிக்கொண்டு வந்தால் நல்லது. மூன்று வாரமாகியும் அதே படிதான் அல்லது முன்னதாகவே நிற்கிறார் என்றால், மலையைக் குறை சொல்லிப் பயனில்லை. பீடி பல வருடத்தில் காற்றுப்பைகளின் சுவர்களை அரித்திருக்கலாம். ஊரில் சமமான தெருவில் நடக்கும்போது வெளியே தெரியாத குறையை நாற்பது படி காட்டிக்கொடுத்திருக்கலாம். இதயக் கோளாறும், ரத்தச்சோகையும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

எண்ணைவிட மூச்சை எண்ணுவது எனக்குப் பிடித்த பரிசோதனை. அவர் போர்வையோடு டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல், வயிற்றுப் பக்கம் போர்வை எத்தனை தடவை எழுகிறது என்று ஒரு முழு நிமிடம் பாருங்கள். நுரையீரலுக்கு அடியில் உள்ள உதரவிதானம் கீழே இறங்கும்போதுதான் வயிறு எழுகிறது, காற்று உள்ளே வருகிறது. சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சின் போக்கே மாறிவிடும். 12 முதல் 20 வரை சரி. சும்மா இருக்கும்போதே 25-ஐத் தாண்டினால், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாவிட்டால், மல்லாந்து படுக்க முடியாவிட்டால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால், விரலைச் சூடாக்கி அளந்தும் 90-க்குக் கீழே நின்றால், 108-ஐ அழையுங்கள்.

நீலகிரித் தைலம் தடவினால் மூச்சு விட்டமாதிரி இருக்கிறது என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அது மூக்கில் குளிர்ச்சியை உணரவைக்கிறது, அவ்வளவுதான். குழாய் விரிவதில்லை. மூக்கில் சொட்டு விடவே கூடாது. படி ஏறும்போது உதவுவது வேறு: மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்லுங்கள். பத்துப் படிக்கு ஒருமுறை நிற்கட்டும். காலைக் குளிரில் வெளியே போனால் மூக்கைச் சேர்த்து மஃப்ளர் சுற்றட்டும்.

ஆகவே, இப்போதைக்குச் சாத்தூருக்கு அனுப்ப வேண்டாம். அங்கே தனியாக இருக்கப்போகிறவர் என்பதையும் நான் கணக்கில் எடுக்கிறேன். இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டி ஸ்பைரோமெட்ரி, மார்பு எக்ஸ்ரே, இசிஜி, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ஸ்பைரோமெட்ரி என்பது ஒரு குழாயில் முழுப் பலத்தோடு ஊதுவது. ஊசி இல்லை, வலி இல்லை. டாக்டர் பீடிக் கணக்கைக் கேட்பார். மகள் பக்கத்தில் இருந்தால் அப்பாக்கள் அதைப் பாதியாக்கிச் சொல்வார்கள், அந்த ஐந்து நிமிடம் மட்டும் நீங்கள் வெளியே இருங்கள்.