சாயங்காலம் மட்டும் பற்றாத வால்யூம்

கேள்வி: எனக்கு 26 வயது. வீடு மண்டபத்தில், வேலை ராமநாதபுரத்தில். ஆறு மாதம் முன்பு 300 ஓம் ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினேன், பின்பக்கம் திறந்த வகை. போனில் ஹெட்ஃபோனைச் சேர்க்கும் சின்ன டாங்கிள் போட்டுத்தான் கேட்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பாதி வால்யூமே தாராளம். சாயங்காலம் முழுசாக வைத்தாலும் பற்றவில்லை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பா வீட்டில்தான் இருக்கிறார் (விசைப்படகு டிரைவர், 30 வருஷமாக), டிவியை அலறவிடுவார். பழைய பாட்டுகளும் நாதஸ்வரமும் அதிகம் கேட்பேன். சத்தம் கொஞ்சம் இதமாக, பேஸ் (அடிச்சத்தம்) நிறைவாக வேண்டும். 18,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். வால்வு ஆம்ப் வாங்கட்டுமா, டிரான்சிஸ்டர் ஆம்ப் வாங்கட்டுமா?
– பெயர் வேண்டாம், மண்டபம்.

பதில்: தம்பி, வால்வா டிரான்சிஸ்டரா என்று மாதம் நாலு கடிதமாவது வருகிறது. எல்லாவற்றிலும் ஓம் (ஹெட்ஃபோனின் மின்தடை அளவு) இருக்கும், பட்ஜெட் இருக்கும், "இதமான சத்தம்" இருக்கும். உங்கள் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. ராத்திரி பாதி வால்யூம் தாராளம், சாயங்காலம் முழு வால்யூமும் பற்றவில்லை. அதே போன், அதே டாங்கிள், அதே ஹெட்ஃபோன், அதே பாட்டு. பொழுது சாய்ந்தால் மட்டும் ஓம் கூடிவிடுமா?

ஆம்ப் எதற்கு என்று முதலில் பார்ப்போம். ஹெட்ஃபோனுக்குப் போகிற சிக்னலைப் பெரிதாக்கித் தருகிற பெட்டிதான் அது. பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்தும் செய்யலாம், டிரான்சிஸ்டர் வைத்தும் செய்யலாம். சின்ன டாங்கிள் பெரும்பாலும் ஒரு வோல்ட் அளவுக்குத் தரும். 300 ஓமில் அது மூன்று மில்லிவாட் சொச்சம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் உங்களுடையது மாதிரி ஹெட்ஃபோன்களில் அந்த மூன்று மில்லிவாட்டே சத்தத்தை நூறு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் கொண்டுபோய்விடும். உங்களுக்குப் பவர் பற்றாக்குறை இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

சாயங்காலத்தின் சங்கதி வேறு. பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. கொசுவலைக்குள் உட்கார்ந்துகொண்டு கடற்காற்று அடிக்கிறதே என்றால் எப்படி? டிவி உள்ளே வருகிறது, நீங்கள் பாட்டை அதற்கு மேல் ஏற்றுகிறீர்கள். இதில் ஆம்ப் வாங்கினால் இன்னும் மேலே ஏற்ற வசதி கிடைக்கும், அவ்வளவுதான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்காகப் போட்ட கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு மணி. இப்படியே போனால் நூறில் மிஞ்சுவது கால் மணி நேரம். சாயங்காலம் எவ்வளவு நேரம் கேட்கிறீர்கள் என்று எழுதவில்லை. கால் மணி நேரத்தில் எழுந்துவிடுகிற ஆளாகவும் தெரியவில்லை.

சரி, அப்பாவிடம் வருவோம். அவரைப் பற்றி எழுதியது ஒன்றரை வரி, அதிலும் பாதி அடைப்புக்குறிக்குள். முப்பது வருஷமாக விசைப்படகு டிரைவர். டிவியை அலறவிடுவார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, ஒன்றால்தான் மற்றது என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அவர் நிற்கிற இடத்துக்குக் கீழேதான் டீசல் எஞ்சின். சாயங்காலம் போய் விடிந்து கரை சேரும்வரை அது அவர் காதில்தான் ஓடுகிறது. அவருக்கு எட்டு மணி நேரக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்கள்? உங்கள் காலேஜ் ஃபீஸ் அந்த எஞ்சினிலிருந்துதான் வந்திருக்கும். அதனால்தான் "அலறவிடுவார்" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

நீங்கள் எழுதாததையும் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். நீங்கள் ஏதாவது சொன்னால் அப்பா முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா அதையே கொஞ்சம் நிறுத்திச் சொல்வார். அப்பா "ஓ" என்பார். எஞ்சின் சத்தத்தில் போகிற காதுக்கு முதலில் போவது உச்ச ஸ்தாயி, பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. சகரமும் ஸகரமும் கரைந்துபோய் வார்த்தை கொழகொழவென்று விழும். அதற்குத்தான் டிவி வால்யூம் ஏறுகிறது. ஏற்றியும் அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்காது. ஏற்றினால் அடிச்சத்தமும் சேர்ந்துதானே ஏறும்?

டிவியோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஜூன் 14 முடிந்தால் அவர் மறுபடி படகை எடுப்பார். வலையை ஏற்றும்போது பின்னாலிருந்து ஒருவன் "நிறுத்து" என்று கத்தினால் அது அவர் காதில் விழ வேண்டும். வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகு கூப்பிட்டால் கேட்க வேண்டும். அந்தப் படகில் அவரை நம்பி ஏறுகிறவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்களோ தடைக்காலம் 61 நாளையும் கதவைச் சாத்திக்கொண்டு வால்யூமை ஏற்றியே ஓட்டிவிடப் பார்க்கிறீர்கள்.

பிள்ளை சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டால் அப்பாவின் காதும் கண்ணும் பிள்ளையின் கணக்கில் வந்துவிடும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். அப்படி இல்லை என்று வாதாடி எனக்கு எழுத வேண்டாம்.

கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. 300 ஓமுக்கு வால்வு ஆம்ப் பொருந்தும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்களில் வெளியீட்டு மின்தடை, அதாவது ஆம்ப்பின் சொந்த ஓம், அதிகம், 32 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினால் குளறும். ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுக்கு 37 ஓம் வரை போகலாம். வால்வில் பேஸ் நிறைகிறது என்பார்கள். அதில் ஒரு பங்கு, பேஸ் பக்கம் ஹெட்ஃபோனின் ஓம் கூடுவதால் வருவது. கணக்குப் போட்டால் ஒரு டெசிபலைக்கூடத் தொடாது. மிச்சம் வால்வு தானாகக் கலக்கும் கொஞ்சம் ஹார்மோனிக், அதாவது மூல ஸ்வரத்தோடு சேரும் துணை ஒலி. அது நாதஸ்வரத்துக்கு நன்றாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனிலேயே ஈக்வலைசர் இருக்கிறது. அதில் பேஸை மூன்று டெசிபல் ஏற்றிப் பாருங்கள், காசு செலவில்லை. இன்னொன்று, உங்கள் வீடு கடற்கரையில். உப்புக்காற்றில் வால்வு சாக்கெட்டின் பின்கள் பச்சை பிடிக்கும், வால்யூம் குமிழ் கரகரக்கும். இத்தனைக்கும் பிறகு ஆம்ப்தான் வேண்டுமென்றால் சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப்பே போதும். சாயங்காலம் கேட்க, காதுக்குள் அடைக்கிற இயர்ஃபோன் ஒன்று வாங்குங்கள். அதற்கு ஆம்ப்பே வேண்டாம்.

ஆனால் 18,000 ரூபாயை இப்போதைக்குத் தொடாதீர்கள். காதுக் கருவியும் ஒரு ஆம்ப்தான். ஒரு மைக், ஒரு ஆம்ப், ஒரு குட்டி ஸ்பீக்கர். காதில் எந்த ஸ்தாயி எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்து, அந்த இடத்தை மட்டும் தூக்கிக் கொடுப்பார்கள். உங்கள் ஈக்வலைசரைவிட நுணுக்கமான வேலை.

ஒரு நாள் லீவு போட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அப்பாவைக் கூட்டிப்போங்கள். அம்மாவோடு அனுப்பாதீர்கள், நீங்கள் போக வேண்டும். "எனக்கென்ன, நல்லாத்தான கேக்குது" என்று அவர் சொல்வார். பஸ்ஸில் ஏறும்வரை சொல்வார். சில சமயம் வெறும் குறும்பி அடைத்திருக்கும், எடுத்தால் சரியாகிவிடும். அதுவரை யார் சொன்னாலும் காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். கேட்கும் திறனை அளந்து ஆடியோகிராம் என்று கோடு போட்ட தாள் தருவார்கள். திறன் குறைந்திருந்தால் அதைக் கொண்டுபோய் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காட்டுங்கள், தகுதி இருந்தால் கருவி இலவசமாகவே கிடைக்கும். இல்லையென்றால் உங்கள் சேமிப்பு இருக்கிறது.

போன கையோடு உங்கள் காதையும் சோதித்துவிடுங்கள். இரண்டு தாளையும் நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆம்ப் எது என்று அப்புறம் சொல்கிறேன்.