கரையான் தின்ன கட்டையையும் எறியாதீங்க

பழைய கார்களுக்கு அதே வடிவில் புது பாடி கட்டுவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள். கோவை கணபதியில் வார்ப்படப் பட்டறைகளுக்கு மர பேட்டர்ன் (உருக்கிய இரும்பை ஊற்ற மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி வடிவம்) செய்துகொண்டிருந்து, பிறகு கார் பாடி வேலைக்கு மாறியவர் பதில் சொல்கிறார்.

எங்கள் அப்பாரு வைத்திருந்த 1930 ஆஸ்டின் செவன் மஞ்சள் குடோனில் கிடக்கிறது. சேஸிஸ், இன்ஜின், ரேடியேட்டர் இருக்கின்றன. பாடியில் ஒரு கதவும் கொஞ்சம் கரையான் தின்ற மரமும்தான் மிச்சம். பழைய போட்டோ இரண்டு உண்டு. அதே மாதிரி கட்ட முடியுமா? கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்களிடம் கொடுக்கலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

கட்டலாமுங்க. ஆனா அதுக்கு முந்தி, குடோனைக் கூட்டறேன்னு யாரையும் உள்ள விட்டுறாதீங்க. கரையான் தின்ன கட்டை, துருப்பிடிச்ச கீலு, ஆணியோட ஒட்டிக்கிட்டிருக்கிற சாண் தகடு, அத்தனையும் சாக்குல கட்டி வைங்க. அந்தக் காலத்து இங்கிலீஷ் கார் பாடிங்கறது பெரும்பாலும் ஆஷ் மரச் சட்டம், அதுக்கு மேல தகடு. உளுத்துப்போன கட்டைலயும் ஆணி ஓட்டை இருக்கும். கீலு உக்கார எவ்வளவு ஆழம் செதுக்கியிருக்காங்க, தகடு எந்த ஓரத்துல மடிஞ்சிருக்கு, எல்லாம் அதுலதான் கிடக்கு. வேற வரைபடம் யாரும் உங்க கைல தரப்போறதில்லை. அந்த ஒத்தைக் கதவு இருக்கே, அது தங்கமுங்க. கதவோட வளைவு கெடைச்சா பக்கவாட்டு வளைவு பாதி கெடைச்ச மாதிரி. அந்தக் கதவுல எடுக்கிற அச்சைப் புரட்டிப் போட்டா எதிர்ப்பக்கத்துக் கதவு.

போட்டோல அளவெடுக்கச் சக்கரம்தான் ஸ்கேல். சக்கரம் உங்க கைல இருக்கு, அளந்துக்கலாம். கார் கொஞ்சம் திரும்பி நின்னா சக்கரம் முட்டை மாதிரி தெரியும். அப்ப அகலத்தை நம்பாதீங்க, உசரத்தை மட்டும் எடுங்க. கேமராவுக்குக் கிட்ட இருக்கிற சக்கரம் பெருசாத் தெரியும், அதனால முன்சக்கரத்துக்கு ஒரு கணக்கு, பின்சக்கரத்துக்கு ஒரு கணக்கு. நீளத்துக்கு சேஸிஸே இருக்கு. 1935-ல காட்சிக்கு வெச்ச புகாட்டி ஏரோலித்னு ஒரு கார் காணாமலே போச்சு. கொஞ்சம் போட்டோவை வெச்சே கனடாவுல அதை மறுபடி கட்டினாங்க. உங்களுக்கு ரெண்டு போட்டோவோட ஒரு கதவும் இருக்கு.

அளவு வந்ததும் 12 மில்லி பிளைவுட்டுல, ஆறு இஞ்சுக்கு ஒண்ணா குறுக்கு வெட்டு அறுத்து நிறுத்தி, ஒரு மரக்கூடு செய்யணும். தகட்டை அடிச்சு அடிச்சு இந்தக் கூட்டு மேல வெச்சுப் பார்ப்போம். எங்க வெளிச்சம் தெரியுதோ அங்க இன்னும் வேலை பாக்கி.

இந்தக் கூட்டுல நான் பட்ட அவமானத்தைச் சொல்லிடறேன். வார்ப்படத்துல இரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் இஞ்சு சுருங்கும். அதனால பேட்டர்ன்காரன் ஸ்கேல்ல ஒவ்வொரு அடியும் அரைக்கால் இஞ்சு கூட இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மொத கார்ல பழக்க தோஷத்துல அந்த ஸ்கேலை எடுத்தே கூடு கட்டிட்டேன். ஒம்போது அடிக்கு ஒண்ணே அரைக்கால் இஞ்சு கூடுதல்! பானட் ஒரு பக்கம், ரேடியேட்டர் ஒரு பக்கம். மூணு வாரத்து வேலை விறகாப் போச்சு. அந்தக் கூடு பிளைவுட் இல்லீங்க, பழைய வீட்டு உத்தரம் இழைச்சு வந்த தேக்கு. என்ற சம்சாரம் இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா.

கரூர்க்காரங்க கை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். ஆனா பஸ்ஸுங்கறது பெரும்பாலும் நேர்த் தகடு, ஒரு பக்கம் மட்டும் வளையும். உங்க கார்ல மட்கார்டும் பின்பக்கமும் ரெண்டு பக்கமும் வளையும். அதுக்கு மணல் மூட்டை மேல தகட்டை வெச்சு மரச்சுத்தியில குழிக்கிற டிங்கர் வேணும். மட்கார்டு நசுங்கினா புதுசு வாங்கி மாட்டற ஆளு வேண்டாம், தட்டி எடுக்கிற வயசான ஆளாத் தேடுங்க. அலுமினியத் தகடுன்னா அடிக்க அடிக்க முறுகும், அப்புறம் வெடிக்கும். நடுவுல பதம் போடணும்: சோப்புக் கட்டியால ஒரு கோடு இழுத்து, கேஸ் டார்ச்சுல சூடு காட்டி, கோடு கறுத்ததும் நிறுத்திடணும். அதுக்கு மேல போனா தகடு ஒழுகிடும்.

கைப்பிடி, லைட் தாங்கி மாதிரி சில்லறை வார்ப்புக்குக் கவலையே வேண்டாம். கோயமுத்தூர்ல இருந்துகிட்டு வார்ப்புக்கு வெளியூர் போனா ஊரே சிரிக்கும். அங்க மட்டும் அந்தச் சுருக்க ஸ்கேலை எடுத்துக்குங்க.

ஃபைபரில் செய்தால் சுலபமில்லையா அண்ணா?
– கல்லூரி மாணவர், திருச்செங்கோடு

ஒரே மாதிரி பத்து வேணும்னா சுலபம் கண்ணு. ஒண்ணுதான் வேணும்னா, மொதல்ல முழு வடிவத்தைச் செஞ்சு, அது மேல அச்சு எடுத்து, அப்புறம் அச்சுல கண்ணாடி நார் மேட்டும் ரெசினும் போடணும். ஒரு காருக்கு ரெண்டு காரு வேலை. சித்திரை வெயில்ல, ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர் துளி கூடினாலும் டப்பாவுலயே கட்டியாயிரும். கதவு தொங்கற இடத்துல இரும்புச் சட்டம் உள்ள விடலைன்னா ஆறு மாசத்துல கதவு சாஞ்சிரும். ஓட்டிப் பார்க்கத்தான்னா செய். உங்க தாத்தா காருன்னு சொல்லிக்கணும்னா தகடுதான்.

என் வீட்டுக்காரர் 1934 ஆஸ்டின் டென் ஒன்றை வாங்கத் துடிக்கிறார். பாடி அசல் என்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?
– வாசகி, பொள்ளாச்சி

பெயின்ட்டைப் பார்க்காதீங்க அம்மிணி. ஒரு காந்தம், டார்ச், 10, 13 நம்பர் ஸ்பேனர் எடுத்துட்டுப் போங்க. காந்தம் ஒட்டாத இடத்துல பட்டியோ ஃபைபரோ அலுமினியமோ இருக்கு. எதுன்னு கேளுங்க, பதில் சொல்ற முகத்தையும் பாருங்க. சீட்டைத் தூக்கி மரத்துல இருக்கிற ஸ்குரூவைப் பாருங்க. தலையில கூட்டல் குறி இருந்தா அது அப்புறம் போட்டது. அந்த ஸ்குரூ அமெரிக்காவுலயே 1930-கள் நடுவுலதான் கார்ல ஏறுச்சு. அப்புறம் போல்ட்டு. அந்தக் காலத்து ஆஸ்டின்ல விட்வொர்த்ங்கற பழைய இங்கிலீஷ் இஞ்சு அளவுதான், மில்லிமீட்டர் ஸ்பேனர் கச்சுனு உக்காராது. ஒண்ணு ரெண்டு மாறியிருந்தா தப்பில்லை, தொண்ணூறு வருசத்துக் காரு. பூராவும் கச்சுனு உக்காந்தா பாடி புதுசு.

புதுசுங்கறதுக்காக வேண்டாம்னு சொல்லலைங்க. புதுசுன்னு சொல்லி, புதுசு விலைக்குக் கொடுத்தா நல்லா வாங்கலாம். நான் கட்டின ஒவ்வொரு பாடியிலயும் கதவுக்கு உள்பக்கம், கட்டின வருசத்தை உளியால செதுக்கி விட்டுருவேன். அதைச் சுரண்டி எடுத்துடுங்கன்னு ஒருத்தர் காசு கூடக் கொடுத்துப் பார்த்தாரு. அந்த வண்டியை முடிக்காமத் திருப்பி அனுப்பிட்டேன்.

இப்படிக் கட்டிய காருக்கு விண்டேஜ் நம்பர் கிடைக்குமா?
– வாசகர், ஈரோடு

2021-ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, மொதல் பதிவுல இருந்து 50 வருசம் தாண்டின ரெண்டு சக்கர, நாலு சக்கர வண்டிக்கு ‘விஏ’ எழுத்து வர்ற தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருசத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடன்னு ஓட்டலாம், தினமும் சந்தைக்குப் போக முடியாது. உங்களுக்குச் சிக்கல் ஒரே வரிலதான்: சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் கூடாதுன்னு இருக்கு. பழைய மரத்தையும் தகட்டையும் சேர்த்து வைங்கன்னு கோபிக்காரருக்குச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். வேலை தொடங்கறதுக்கு முந்தியே போட்டோவோட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்க் கேளுங்க. முடிச்சுட்டுப் போய் நிக்காதீங்க.

மாருதி 800-ஐ வைத்து புகாட்டி ராயல் செய்ய முடியுமா?
– வாசகர், காங்கேயம்

ராயலோட முன்சக்கர மையத்துல இருந்து பின்சக்கர மையம் வரைக்கும் மட்டும் 4.3 மீட்டருங்க. உங்க 800 முழு நீளமே 3.3 மீட்டர்தான். நடுவுல நிறுத்திட்டு, சுத்தி ஒரு நடை நடந்தும் வரலாம்.

ஆனா கேட்டது வீண் போகலை. ராயல் மொத்தமே ஆறேழு காருதான் செஞ்சாங்க. அதுல ஒண்ணு எஸ்டர்ஸ்னு பாரீஸ் துணி வியாபாரிக்குப் போச்சு. நம்ம திருப்பூர் முதலாளிக மாதிரின்னு வெச்சுக்குங்க. ராத்திரி ஓட்டறதில்லைன்னு ஹெட்லைட்டே வேண்டாம்னுட்டாராம். பின்னாடி வாங்கினவங்க அந்த பாடியைக் கழட்டிட்டு வேற பாடி போட்டுட்டாங்க. இப்ப பிரான்ஸ்ல முலூஸ் மியூசியத்துல அந்தப் பழைய வடிவத்தைத் திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க, நகல்னு சொல்லியே. அதுக்கும் ஹெட்லைட் கிடையாது.