கொலஸ்ட்ரால் மாத்திரை: கேளுங்கள், சொல்கிறேன்

காட்பாடியில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

குடியாத்தம்: அப்பாவுக்குப் போன வருஷம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்தார்கள். இப்போது எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 62தான். அட்டோர்வாஸ்டாடின் மாத்திரையை நிறுத்திவிடலாமா அண்ணா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள் தம்பி. மாத்திரை போடுவதால்தான் 62, விட்டால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டில் வருவதில்லை, உடம்பே தயாரிப்பது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியை அட்டோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் வகை மருந்து தடுக்கிறது, உள்ளே தட்டுப்பாடு வந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் ரிப்போர்ட்டில் எண் இறங்குகிறது. அப்புறம் இன்னொன்று, மாரடைப்பு பெரும்பாலும் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைவதால் வருவது. திட்டு வெடிக்காமல் இறுகவும் இந்த மாத்திரை உதவுகிறது. ஸ்டென்ட் வைத்தது ஒரு இடத்தில்தானே, மற்ற குழாய்களை யார் பார்ப்பது? ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு எல்டிஎல் 70க்குக் கீழே, பல டாக்டர்கள் 55க்குக் கீழேயே கேட்கிறார்கள்.

ஆம்பூர்: பிரியாணியை விட்டால் மாத்திரை வேண்டாமா சார்?

மட்டன் கொழுப்பு, டால்டா, பேக்கரி பப்ஸ் எல்லாவற்றையும் குறைப்பது நல்லதுதான், ஆனால் சாப்பாட்டால் மட்டும் இறங்குவது கொஞ்சம். அட்டோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம் எல்டிஎல்லை ஏறக்குறைய பாதியாக்கும். எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதை நம்பி அள்ளி ஊற்றாதீர்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. பாமாயிலிலும்தான் இல்லை, ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும்.

ராணிப்பேட்டை: இரவில்தான் போட வேண்டுமா?

சிம்வாஸ்டாடின் என்றால் இரவு. அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் எப்போது வேண்டுமானாலும் போடலாம், தினமும் மறக்காத நேரமாக இருக்கட்டும்.

ஆரணி: தறியில் உட்காரும் வேலை. மாத்திரை தொடங்கியதிலிருந்து இரண்டு தொடையும் வலிக்கிறது அண்ணா.

தறிக்குழியில் உட்கார்ந்தாலே வலிக்கும்தான், ஆனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் சிகே என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், தேவைப்பட்டால் டோஸைக் குறைப்பார்கள் அல்லது வேறு ஸ்டாடினுக்கு மாற்றுவார்கள். சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ எழுந்து நிற்க முடியாத பலவீனம் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாலாஜா: வயது 34, ஒல்லியான ஆள், எல்டிஎல் 210. அண்ணனுக்கு 38 வயதில் மாரடைப்பு வந்தது.

ஒல்லி என்று அலட்சியமாக இருக்காதீர்கள் தம்பி, இது பரம்பரையாக வருவதாக இருக்கலாம். இந்த வாரமே இதய டாக்டரைப் பாருங்கள். பரம்பரைதான் என்றால் உங்கள் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவர்களுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள்.