ஃபால்ஸ் சீலிங்கில் டவுன்லைட் மாட்ட ஓட்டை போடணும்: ஹோல்சா வாங்கலாமா, சர்க்கிள் கட்டரா, கை ரம்பமே போதுமா?

ஹாலிலும் இரண்டு பெட்ரூமிலும் ஜிப்சம் போர்டு சீலிங் முடிந்துவிட்டது, பட்டியும் பார்த்தாயிற்று, 2 சைஸில் மொத்தம் 22 லைட் மாட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கோவையில் 15 வருஷமாக எலக்ட்ரிகல் வேலை செய்கிறேன். உங்கள் வேலைக்கு நான் வாங்கச் சொல்வது அளவு மாற்றிக்கொள்ளக்கூடிய சர்க்கிள் கட்டர்தான்; டிரில்லில் மாட்டினால் நடு பிட்டைச் சுற்றிப் பிளேடு ஓடி வட்டமாக வெட்டும். அதிலும் இரண்டு பக்கமும் பிளேடு இருக்க வேண்டும், தூசு பிடிக்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் கூடவே வர வேண்டும்.

ஆனால் கட்டர் வாங்கப் போகும் முன் லைட்டை வாங்கிவிடுங்கள். கடையில் 6 இன்ச் லைட் என்று சொல்வதை வைத்து ஓட்டை அளவு முடிவு செய்யக்கூடாது. இப்போது என் பையில் இருக்கும் 12 வாட் லைட்டை எடுத்து அளந்தால் வெளிவட்டம் 170 மி.மீ. பெட்டியில் கட் அவுட், அதாவது வெட்ட வேண்டிய ஓட்டையின் அளவு, 155 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அதாவது ஓட்டையை மூடுவதற்குப் பக்கத்துக்கு ஏழரை மில்லிமீட்டர் விளிம்புதான் இருக்கிறது. இன்னொரு கம்பெனி லைட்டில் அதே வாட்டுக்கு வேறு அளவு வரும்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டில் பெட்டியைப் பார்க்காமல் கண்ணளவாக 165 வைத்து மூன்று ஓட்டை போட்டுவிட்டேன். லைட்டின் ஸ்பிரிங் கிளிப்புக்குப் பிடிக்க இடமே இல்லை. ஒரு பக்கம் தள்ளி வைத்தால் மறுபக்கம் பிறை மாதிரி கறுப்பாக இடைவெளி தெரிந்தது. வெட்டி விழுந்த வட்டங்களைப் பொறுக்கி, ஓட்டைக்குப் பின்னால் பிளைவுட் பட்டை கொடுத்து ஸ்க்ரூ அடித்து, பேப்பர் டேப் ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்டரை மறுபடி வரவழைத்துச் சரிசெய்ய மூன்று நாள் ஆனது. சின்னதாக வெட்டிவிட்டால் உப்புத்தாளிலேயே சரிசெய்துவிடலாம். பெரிதாக வெட்டினால் இத்தனை பாடு.

ஹோல்சா, அதாவது டிரில்லில் மாட்டும், ஓரத்தில் ரம்பப் பல் உள்ள ஒரே அளவு வட்டக் கிண்ணம், ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மோசமான கருவி இல்லை. ஒரே அளவில் நூறு ஓட்டை என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன், வட்டம் கொஞ்சமும் மாறாது. ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ஹோல்சா வாங்க வேண்டும், உங்களுக்கு 2 சைஸ். பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்குச் சரியான ஹோல்சா எல்லாக் கடையிலும் கிடைக்காது, பக்கத்து அளவை வாங்க வேண்டிவரும். 150 மி.மீ. போலப் பெரிய ஹோல்சாவை வீட்டில் கிடக்கும் சின்ன டிரில்லிங் மெஷினில் மாட்டி, ஏணி மேல் நின்று தலைக்கு மேலே பிடிப்பது கைக்கு நல்லதில்லை. போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேனலில் பல் மாட்டினால் மெஷின் அப்படியே சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும்.

சர்க்கிள் கட்டரில் ஒற்றைப் பிளேடு உள்ளதும் விற்கிறார்கள். எடை ஒரு பக்கமாகவே இருப்பதால் சுற்றும்போது ஆடும், ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். இரண்டு பிளேடு உள்ளதில் இரண்டையும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் வையுங்கள். 155 ஓட்டைக்கு இந்தப் பக்கம் 77.5, அந்தப் பக்கம் 77.5. அளவுகோல் குறி போட்டிருந்தாலும் அதை நம்பி நேராக சீலிங்கில் வைக்காதீர்கள். சீலிங் மேஸ்திரி விட்டுப்போன போர்டுத் துண்டில் ஒன்று வெட்டி, லைட்டை அதில் மாட்டிப் பாருங்கள். இன்னொன்று: பிளேடை அளவில் பிடித்திருக்கும் ஆலன் ஸ்க்ரூ அதிர்வில் தளர்ந்துகொண்டே வரும். நாலைந்து ஓட்டைக்கு ஒருமுறை இறுக்காவிட்டால் பத்தாவது ஓட்டை வேறு அளவில் வந்து நிற்கும்.

மெஷினில் ஹேமர் மோடை அணைத்துவிடுங்கள், வேகத்தைக் குறைத்து வையுங்கள். முதலில் அழுத்தாமல் மேல் காகிதம் மட்டும் வட்டமாக அறுபடும்படி விடுங்கள். அதன் பிறகு மெதுவாக ஏற்றினால் ஓரம் பிய்யாமல் வரும். போர்டு 12.5 மி.மீ. கனம்தான், வலு போட வேண்டிய வேலையே இல்லை.

கை ரம்பம் ஒன்றிரண்டு ஓட்டைக்குச் சரி. காம்பஸில் வட்டம் போட்டு, நுனியைக் குத்தி உள்ளே இறக்கி அறுக்கலாம். 22 ஓட்டைக்குத் தோள் தாங்காது. ஆனாலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சுவர் ஓரத்தில் மெஷின் திரும்பாத இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் சேனல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் பிளேடை வைக்காதீர்கள். சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு சேனல் ஓடும். நல்ல காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி சீலிங்கில் தேய்த்துக்கொண்டே போனால், பட்டிக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூத் தலை வரும் இடத்தில் சட்டென்று ஒட்டும். அந்தப் புள்ளிகள் ஒரே வரிசையில் வந்தால் அதுதான் சேனல். பிறகு லைட்டின் மையத்தில் சின்ன ஓட்டை ஒன்று போடுங்கள். கட்டுக்கம்பியை எல் மாதிரி, லைட்டின் ஆரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக மடித்து உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கம்பி தடையில்லாமல் சுற்றினால் இடம் காலி. எங்காவது தட்டினால் சேனலோ பைப்போ இருக்கிறது, மையத்தை இரண்டு இன்ச் தள்ளிக்கொள்ளலாம். அந்த வரிசையில் இருக்கும் மற்ற லைட்டுகளையும் சேர்த்துத் தள்ளுங்கள், ஒன்று மட்டும் விலகி நின்றால் கீழிருந்து பளிச்சென்று தெரியும்.

வயர் ஏற்கனவே போர்டு மேல் கிடக்கும், கட்டரின் நடு பிட் அதில் குத்திவிடக்கூடாது. மெயின் பெட்டியில் லைட் சர்க்யூட்டின் எம்சிபி சுவிட்சை இறக்கி, டெஸ்டரில் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டிரில்லுக்கு கரண்ட் வேறு சர்க்யூட் பிளக்கிலிருந்து எடுங்கள்.

இதையெல்லாம் ஜிப்சம் போர்டுக்குத்தான் சொன்னேன். பழைய பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங்கில் உள்ளே கோழி வலை வைத்திருப்பார்கள். பிளேடு அதில் மாட்டினால் பெரிய துண்டாகப் பெயர்ந்து விழும், அங்கே கை ரம்பமும் வயர் கட்டரும்தான். பிவிசி சீலிங்கில் வேகமாகச் சுற்றினால் ஓரம் உருகும். காங்கிரீட் தளத்தில் லைட்டுக்காக ஓட்டை குடையவே கூடாது, உள்ளே கம்பி இருக்கிறது, மேலே ஒட்டினாற்போல் மாட்டும் சர்ஃபேஸ் லைட் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் சமதட்டமான ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சீலிங் இருந்தால் அதில் எந்தக் கருவியும் வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

ஜிப்சம் தூசு அவ்வளவு கொடியது இல்லை என்றாலும் நேராகக் கண்ணில்தான் கொட்டும். கிண்ணம் இருந்தாலும் கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்தை இரண்டு ஓட்டைக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள். கிண்ணம் நிறைந்தால் தூசு சீலிங்கில் தேய்ந்து பெயிண்டில் வட்டத் தடம் விழும்.

முதல் ஓட்டையை ஹாலில் போடாதீர்கள். பெட்ரூமில் பீரோவுக்கு மேலே வரும் மூலை லைட்டில் ஆரம்பியுங்கள். மூன்றாவது ஓட்டைக்குள் கை பழகிவிடும், அதன் பிறகு ஹாலுக்கு வரலாம்.