கொல்லிமலை இறக்கத்தில் பைக் எதிர்ப்பக்கம் ஓடுகிறதா?

வணக்கம் நண்பரே. இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி எதிர்ப்பக்கம் ஓடுகிறது, பயந்து பின் பிரேக்கை மிதித்தால் சறுக்குகிறது என்கிறீர்கள். டயரில் குறையில்லை, பிரேக் பிடிக்கும் நேரம்தான் தவறு. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்சைப் பிடித்தபடி உருளவிடாதீர்கள். அப்புறம், பார்வை தடுப்புச் சுவரில் நிற்கக் கூடாது. வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். இடக் கைப்பிடியை முன்னோக்கி லேசாகத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் சாயும். 20 கிலோமீட்டரில் எடுக்கும் வளைவை 40-இல் எடுத்தால் டயருக்கு நான்கு மடங்கு பிடிப்பு வேண்டும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் எல்லை. பேருந்து ஏறி வந்தால் வளைவு முழுவதும் அதற்கே தேவைப்படும். ஹாரன் கேட்டதும் மேலேயே ஓரமாக நின்றுவிடுங்கள்.