சிங்கோனா, குயினைன், சைனா: ஒரு பட்டையின் மூன்று பெயர்கள்

சிங்கோனா, குயினைன், ஹோமியோபதிக் கடைகளில் கிடைக்கும் ‘சைனா’ ஆகிய மூன்றும் ஒன்றா, ‘சைனா’வுக்கும் சீன நாட்டுக்கும் தொடர்பு உண்டா, தமிழில் எந்த எழுத்து சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றும் ஒன்றல்ல. சிங்கோனா என்பது மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் பட்டையைத் தரும் மரம். குயினைன் அதன் பட்டையில் உள்ள பல காரச்சத்துகளுள் (ஆல்கலாய்டுகளுள்) ஒன்று. சைனா அதே பட்டையிலிருந்து தயாரிக்கப்படும் ஹோமியோபதி மருந்து. சீனாவுக்கும் இந்தப் பெயருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் நானே சிறுவயதில் தொடர்பு உண்டு என்று நம்பியவன்தான். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் உள்ள நடுவட்டம் எங்கள் ஊர். என் தாத்தா அங்கே சிங்கோனாப் பட்டை உரித்தவர். 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் தலைமையில் தொடங்கிய முயற்சியால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த விதைகளையும் கன்றுகளையும், உதகை அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த மக்கைவர் வளர்த்துத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார். அந்தத் தோட்டங்களில் சீனக் கைதிகள் வேலை செய்தார்கள் என்பதும், அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் எங்கள் ஊரில் நிற்கிறது என்பதும் உண்மையே. ஆகவே மருந்துக் குப்பியில் ‘சைனா’ என்று பார்த்தவர்களுக்குக் கதை தானாகவே பிறந்துவிட்டது. ஆனால் அந்தக் கைதிகள் நீலகிரிக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, 1790இல், ஹோமியோபதியை உருவாக்கிய ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் இந்தப் பட்டையைத் தாமே உட்கொண்டு சோதித்துப் பார்த்துவிட்டார். அப்போதே ஜெர்மானியர் அதைச் ‘சைனா’ என்று நாம் படிக்கும் எழுத்துகளால்தான் எழுதி வந்தார்கள்.

அந்த எழுத்துகளுக்குள் இருப்பது ‘கினா’ என்னும் கெச்சுவா மொழிச் சொல். பெரு நாட்டின் மலைவாழ் மக்கள் பேசும் அம்மொழியில் அதற்குப் பட்டை என்பது பொருள். ‘கினா கினா’ என்று இரட்டித்துச் சொன்னால் பட்டைகளுக்குள் சிறந்த பட்டை, அதாவது மருந்துப் பட்டை. ஸ்பானியர் இதை ‘க்யூ’ எழுத்திட்டு எழுதினர். இத்தாலியத்தில் இகரத்துக்கு முன் ககர ஒலி வேண்டுமானால் ‘சி’, ‘எச்’ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது வழக்கம். மருத்துவ நூல்களின் இலத்தீனிலும் அதுவே புகுந்தது. அந்த எழுத்துக்கூட்டலை ஆங்கில வழியில் படித்தபோது கினா, சைனா ஆயிற்று. (உண்மையிலேயே சீனத்திலிருந்து வந்த ஒரு சரக்குக்கு நம் சித்த மருத்துவத்தில் பறங்கிப்பட்டை என்று பெயர். பெருவிலிருந்து வந்தது சீனப் பெயரையும், சீனத்திலிருந்து வந்தது பறங்கியர் பெயரையும் சுமக்கின்றன.) 1820இல் பாரிஸில் பெல்த்தியே, கவந்தூ என்னும் இருவர் பட்டையின் காரச்சத்தைப் பிரித்தெடுத்தபோது, அதே ‘கினா’வோடு, மார்ஃபின் போன்ற பெயர்களில் வரும் ‘இன்’ விகுதியைச் சேர்த்தார்கள், அதுவே குயினைன்.

சிங்கோனாவின் கதை வேறு. பெருவின் ஆளுநராக 1629 முதல் 1639 வரை இருந்த சின்ச்சோன் (Chinchón) பிரபுவின் மனைவி இந்தப் பட்டையால் காய்ச்சல் நீங்கப் பெற்றார் என்று 1663இல் செபாஸ்டியானோ பாதோ எழுதினார். அதை நம்பிய தாவரவியலாளர் லின்னேயஸ் 1742இல் மரத்துக்கு அப்பெண்மணியின் பெயரைச் சூட்டினார். சூட்டும்போது முதல் ‘எச்’சை விட்டுவிட்டு Cinchona என்று எழுதினார். இதைப் பொறுக்காத மார்க்கம், அந்த எழுத்தை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று வாதாடி, 1874இல் அனா தெ ஓசோரியோ என்னும் அந்தச் சீமாட்டியின் வரலாற்றையே நூலாக எழுதினார். துரதிர்ஷ்டம் என்னவென்றால், அனா தம் கணவர் பெருவுக்குப் புறப்படுவதற்கு முன்பே, 1625இல், ஸ்பெயினில் இறந்துவிட்டார். உடன் சென்றவர் இரண்டாம் மனைவி. அவர் பட்டையால் குணமானதற்கும் அக்கால நாட்குறிப்பில் சான்று இல்லை என்று 1941இல் ஹாகிஸ் என்பவர் எடுத்துக்காட்டினார். ஓர் எழுத்துக்காக அவ்வளவு போராடிய மார்க்கம் ஆளையே மாற்றிவிட்டார் என்பதில் எனக்குச் சிறிது இரக்கமும் உண்டு. நீலகிரிக்கு மரத்தைக் கொண்டுவந்தவர் அவரல்லவா!

தாவரவியல் விதிப்படி லின்னேயஸின் எழுத்தே நிலைத்தது. ஆகவே ‘சின்ச்சோனா’ என்று தமிழில் எழுத வேண்டியதில்லை. ‘சின்கோனா’ என்று சிலர் எழுதுகிறார்கள். ககரத்துக்கு இன எழுத்து ஙகரம் என்பதால் ‘சிங்கோனா’ என்பதே தமிழ் நாவுக்கு இயல்பானது. குயினைன், குவினைன் இரண்டையும் காண்கிறோம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். என் தாத்தா இரண்டையும் சொன்னதில்லை. அவருக்கு அது ‘கொய்னா’. எழுதப் படிக்கத் தெரியாத அவர் வாயில், பிரெஞ்சுக்காரர் ஒட்டிய விகுதி இல்லாமல், ‘கினா’வுக்கு மிக அருகில் அந்தப் பெயர் இருந்தது.