மேசைப் போர் விளையாட்டுக்கு இளையவர்கள் வருவார்களா? கேள்வி பதில்

வாட்டர்லூ, கெட்டிஸ்பர்க், நார்மண்டி என்று உண்மையில் நடந்த போர்களை, வண்ணம் தீட்டிய சின்ன உருவங்கள், பகடை, அளவு டேப் இவற்றை வைத்து மேசைமேல் ஆடுவதுதான் மினியேச்சர் போர் விளையாட்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேர்விட்டு வளர்ந்தது. இரண்டு இடத்திலும் இப்போது ஒரே கவலை: ஆடுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. நான் இங்கிலாந்தில் ஒரு கிளப்பில் ஆடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை பெரும்பாலும் என்னுடையது. இதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி (லெஸ்டரில் படிக்கும் மாணவர்): அண்ணா, லண்டனில் நடக்கும் சல்யூட் கண்காட்சிக்குப் போயிருந்தேன். திரும்பிய பக்கமெல்லாம் நரைத்த தலைகள். இன்னும் இருபது வருடத்தில் இந்த விளையாட்டே இருக்காதோ?

பதில்: இருக்கும் தம்பி. அந்த நரைத்த தலைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் பாதி பயம் போய்விடும். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை 1913-லேயே புத்தகமாகப் போட்டார். ஆனால் இது ஊர் ஊராகப் பரவியது 1960-களில்தான். 1959-இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சின்ன பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டி போட்டு விற்க ஆரம்பித்தது. பையன்களின் கைக்காசுக்கு ஒரு படையே கிடைத்தது. 1962-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் விதிப் புத்தகம் வந்தது. அந்தப் பையன்களின் அப்பாக்களும் மாமாக்களும் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள். வீட்டில் போர்க் கதை, தியேட்டரில் போர்ப் படம், கடையில் போர் பொம்மை. அப்படி ஒரு பெரிய அலை வந்தது. 1965-இல் பன்னிரண்டு வயதாக இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல். நீ சல்யூட்டில் பார்த்தது அந்த அலையைத்தான்.

அவ்வளவு பெரிய அலை இனி வராது, உண்மைதான். அதற்காக யாருமே வருவதில்லை என்று ஆகிவிடாது. எங்கள் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களில் பலர் முப்பது, நாற்பது வயதில் வருகிறார்கள். வேலை, வீடு என்று ஒரு நிலைக்கு வந்தபிறகு, சின்ன வயதில் விட்ட பிரஷ்ஷைத் திரும்ப எடுப்பவர்கள். ஐம்பது வயதுக்காரர்கள் நிறைந்த அறையைப் பார்த்தவுடன் சாவுமணி அடிக்க வேண்டியதில்லை. அவர்களில் பலர் கொஞ்ச வருடத்துக்கு முன்புதான் வந்திருப்பார்கள்.

கேள்வி (ஹாரோவிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்): இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரத்தில் ஆர்வமே இல்லை. போனை விட்டு நிமிர்வதில்லை. இவர்களை எப்படி ஐயா இழுப்பது?

பதில்: மன்னிக்க வேண்டும் ஐயா, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2000-இல் ஷோகன் வந்ததிலிருந்து டோட்டல் வார் வரிசைக் கணினி விளையாட்டுகளை ஆடி வளர்ந்த தலைமுறை இது. ரோமப் படை எப்படி வரிசை கட்டும், குதிரைப்படையை ஈட்டிக்காரர்கள் எப்படித் தடுப்பார்கள் என்று பதினைந்து வயதுப் பையன் உங்களுக்கே பாடம் எடுப்பான். ஆர்வம் ஊறிப்போய் இருக்கிறது. வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது நாம்தான்.

ஒரு கண்காட்சியில் நம் மேசை எப்படி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். இருபதடி நீளம், ஆயிரக்கணக்கான உருவங்கள், கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு. சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு உள்ளே நான்கு பேர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விதிப் புத்தகத்தில் ஒரு வரிக்கு வாதாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிள்ளை வந்து நின்றால் 'தொடாதே' என்று முதலில் சொல்வோம். அதையும் தாண்டி அவன் கிளப்புக்கு வந்தால் என்ன சொல்கிறோம்? முந்நூறு உருவம் வாங்கு, வண்ணம் தீட்டு, அடுத்த வருடம் வா! பெரியவர்களே ஓடிவிடுவார்கள்.

நான் செய்வது இதுதான். வந்து ஐந்து நிமிடத்துக்குள் அவன் கையில் பகடை இருக்கவேண்டும். உருவங்கள் என்னுடையவை, மேசை கிளப்புடையது, விதிகளை ஆடும்போதே சொல்வேன். மொத்த ஆட்டமும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்தப் போர் என்பதைக் கூட அப்போது பெரிதாகப் பேசுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் அவனே கேட்பான், 'இது நிஜமாகவே நடந்ததா?' என்று. அப்போது புத்தகத்தை நீட்டுங்கள்.

கேள்வி (அதே மாணவர்): கணினியில் பழகியவனுக்கு மேசை ஆட்டம் மெதுவாக இருக்காதா?

பதில்: பழைய விதிகளில் இருக்கும். என் படை முழுக்க நகர்ந்து, சுட்டு முடிக்கும்வரை நீ அரை மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். புதிய விதிகள் இங்கேதான் மாறின. 2012-இல் வந்த போல்ட் ஆக்‌ஷன் இரண்டாம் உலகப் போருக்கான விதி. அதில் படையில் உள்ள ஒவ்வொரு அணிக்கும், அதாவது ஒரு சின்ன வீரர் குழுவுக்கோ ஒரு டாங்கிக்கோ, ஒரு பகடை. என்னுடையவை பச்சை, உன்னுடையவை சாம்பல் என்று வைத்துக்கொள். எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுக்கவேண்டும். சாம்பல் வந்தால் உன் அணிகளில் ஒன்றுக்கு நீ கட்டளை கொடுக்கலாம். பகடையின் முகங்களிலேயே சுடு, முன்னேறு, ஓடு, பதுங்கிக் காத்திரு, திரள், படு என்று ஆறு கட்டளைகள் இருக்கும். வேண்டிய முகத்தை மேலே திருப்பி அணியின் பக்கத்தில் வைத்துவிடு. உன் டாங்கி என் பீரங்கிக்கு நேராக நிற்கிறது, அடுத்து என்ன நிறம் வருமோ என்று இரண்டு பேரும் பையையே பார்த்துக்கொண்டு நிற்போம். எங்கள் கிளப்பில் அந்த நேரத்தில் யாரும் போனை எடுத்து நான் பார்த்ததில்லை.

2014-இல் வந்த லயன் ராம்பன்ட் இன்னும் எளிது. இடைக்காலப் போர். உன் அணி நகர்வதற்குப் பகடை போடவேண்டும். தவறினால் முறை உடனே எதிராளிக்குப் போய்விடும். மன்னன் சொன்னதைப் படை கேட்காமல் போகும் ஆத்திரம் அப்படியே புரியும். ஒரு பக்கத்துக்கு ஐம்பது உருவம் இருந்தாலே தாராளம்.

கேள்வி (பர்மிங்ஹாமிலிருந்து ஒரு தாய்): என் மகன் வார்ஹேமர் என்ற கற்பனைப் போர் விளையாட்டை ஆடுகிறான். பூதம், விண்வெளி வீரன் என்று வீடு முழுக்க பொம்மை. இதிலிருந்து சரித்திர விளையாட்டுக்குத் திருப்ப முடியுமா?

பதில்: திருப்ப வேண்டாம் அம்மா, ஆடட்டும். கத்தியால் வெட்ட, ஒட்ட, வண்ணம் தீட்ட, தோற்றாலும் கைகொடுக்க எல்லாம் அங்கேயே கற்றுக்கொள்கிறான். இரண்டும் ஒரே குடும்பம். 1974-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டு, இடைக்காலப் போருக்கான ஒரு மினியேச்சர் விதிப் புத்தகத்திலிருந்து கிளைத்தது. வார்ஹேமரை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிக் பிரீஸ்ட்லிதான் போல்ட் ஆக்‌ஷன் எழுதிய இருவரில் ஒருவர். பெர்ரி இரட்டையர்கள் பல வருடம் வார்ஹேமர் நிறுவனத்துக்கு உருவம் செதுக்கிவிட்டு, இன்று தங்கள் பெயரிலேயே நெப்போலியன் காலத்து வீரர்களைச் செய்கிறார்கள். எங்கள் கிளப்பில் சிலர் வார்ஹேமர் பிள்ளைகளைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. நாளைக்கு இந்த மேசையைத் தாங்கப்போகிறவர்களே அவர்கள்தான்.

அவனுக்கு ரோமரையோ வைக்கிங்கையோ பிடிக்குமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பிடித்தால் ஒரு பெட்டி வாங்கிக்கொடுங்கள். முப்பது நாற்பது பிளாஸ்டிக் வீரர்கள் இருப்பார்கள்; ஓர் உருவத்துக்கு என்று கணக்குப் பார்த்தால் அவன் இப்போது வாங்குவதைவிட மலிவாகவே வரும்.

கேள்வி (கொவென்ட்ரி): எனக்கு ஆட ஆசை. ஆனால் வண்ணம் தீட்டுவதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

பதில்: பத்திரிகைகளில் வரும் படங்களைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். அவை போட்டிக்குத் தீட்டியவை. மேசைக்கு வேறு கணக்கு. ஒரு நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளிர் சாம்பல் ஸ்ப்ரே. 2019-இல் கான்ட்ராஸ்ட் என்று ஒரு பெயின்ட் வந்தது. நீர்க்க இருக்கும், மடிப்புகளில் தானாக இறங்கித் தேங்கும், மேடான இடத்தில் மெலிசாக நிற்கும். கோட்டுக்கு அதில் சிவப்பை ஒரே பூச்சாகப் பூசினால் நிழலும் வெளிச்சமும் தன்னால் வந்துவிடும். கால்சட்டைக்குச் சாம்பல், தொப்பிக்கும் காலணிக்கும் கறுப்பு, துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு, முகத்துக்கு ஒரு தொடுதல். கடைசியாக மார்பில் குறுக்கே ஓடும் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அதற்கு மட்டும் சாதா பெயின்ட், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அடித்தட்டில் பசை தடவி மணல் தூவுங்கள். மேசையிலிருந்து மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் போதும், நன்றாகவே இருக்கும். வாரத்துக்கு ஆறு ஏழு பேர் என்று போனால், பனிக்காலம் முடிவதற்குள் ஒரு சின்னப் படை தயார்.

அமெரிக்காவில் ஹிஸ்டாரிகான் போன்ற சந்திப்புகளில் 'ஹாபி யுனிவர்சிட்டி' என்று உட்காரவைத்து வண்ணம் தீட்டச் சொல்லித்தருகிறார்கள். இங்கேயும் ஒவ்வொரு கண்காட்சியிலும் அப்படி ஒரு மூலை வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): மதிய இடைவேளையில் ஒரு குழு தொடங்க நினைக்கிறேன். போரை விளையாட்டாக்குவது சரியா? பல மேசைகளில் காலனியப் போர்களும் ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படையான ஜெர்மன் எஸ்.எஸ். படைகளும் இருக்கின்றனவே?

பதில்: கேட்கவேண்டிய கேள்வி. இளையவர்கள் பலர் வாயைத் திறந்து சொல்லாமல் திரும்பிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் கிளப்பில் நான் வற்புறுத்துவது இரண்டு. எஸ்.எஸ். படையைக் கொண்டாடும் பேச்சுக்கு இடமில்லை; ஜெர்மன் பக்கம் ஆட யாராவது வேண்டும் என்றால் சாதாரண ராணுவ அணி போதும். இன்னொன்று, எந்தப் போராக இருந்தாலும் இரண்டு பக்கமும் மனிதர்கள் ஆடவேண்டும், இரண்டு பக்கத்துக்கும் பெயரும் திட்டமும் இருக்கவேண்டும். பழைய காலனிய ஆட்டங்கள் சிலவற்றில் உள்ளூர்ப் படையை விதிகளே நகர்த்தும். அலை அலையாக வந்து சாவதுதான் அவர்கள் வேலை. அந்த மேசையை நம் பிள்ளைகள் எந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்?

அதற்குப் பதில் 1803-இல் இந்தியாவில் நடந்த அசாயே போரை வையுங்கள். பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆன பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி ஒரு பக்கம். எதிரில் மராட்டிய மன்னர் சிந்தியாவின் படை, ஐரோப்பிய முறையில் பயின்ற காலாட்படை, மிகத் திறமையான பீரங்கிகள். வெல்லஸ்லி வென்றார். ஆனால் அவர் படையில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். அவர் பக்கம் நின்றவர்களில் பெரும்பகுதி மதராஸ் சிப்பாய்கள். மராட்டியப் பக்கம் ஆடும் மாணவன் அந்தப் பீரங்கிகளைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தாலும் முடிவு மாறக்கூடும். எங்கள் ஊர்ச் சிப்பாய் ஏன் அந்தப் பக்கம் நின்றான் என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் அதுதான்.

கேள்வி (மான்செஸ்டர், பெயர் வேண்டாம்): கிளப்புக்கு ஒருமுறை போனேன். நான் ஒருத்திதான் பெண். 'யாருடன் வந்தீர்கள்?' என்று கேட்டார்கள். அப்புறம் போகவில்லை.

பதில்: அந்தக் கேள்வி தவறு. 'என்ன ஆட ஆசை?' என்று கேட்டிருக்க வேண்டும். முடிந்தால் வேறொரு கிளப்புக்கு, ஒரு தோழியோடு போய்ப் பாருங்கள். போவதற்குமுன் ஒரு மின்னஞ்சல் போட்டு, முதல் ஆட்டத்துக்கு யார் துணை இருப்பார்கள் என்று கேளுங்கள். நல்ல கிளப் உடனே பதில் போடும்.

கேள்வி (ஸ்வான்சீ): 3டி பிரிண்டர் வந்தபிறகு உருவம் விற்கும் கம்பெனிகள் நிலைக்குமா?

பதில்: நல்லவை நிலைக்கும். பிரிண்டர் வாங்கிய இளையவர்கள் கிளப்புக்கு வீடு, பாலம், டாங்கி என்று அச்சிட்டுக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அது சந்தோஷம். சில பிரிண்டர்களில் ஊற்றும் திரவப் பிசினை (ரெசின்) மட்டும் கையுறை இல்லாமல் தொடவேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேள்வி (கென்ட்): அப்பா காலமாகிவிட்டார். பரண் முழுக்க அவருடைய படைகள். எங்கள் யாருக்கும் ஆடத் தெரியாது. என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள். அட்டைப்பெட்டிகளின் மேலே அவர் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுங்கள். எந்தப் படை, எந்த அளவு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கும், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவர் ஆடிய கிளப்பில் பேசுங்கள். கண்காட்சிகளில் பழையதை விற்று வாங்கும் கடை ஒன்று இருக்கும், அங்கேயும் விற்கலாம். மனமிருந்தால் ஒரு படையை மட்டும் பிரிக்காமல் கிளப்புக்கோ பள்ளிக்கோ கொடுங்கள். சொந்தப் படை இல்லாத பிள்ளைகள் முதல் ஆட்டம் ஆட இப்படிப்பட்ட படைகள்தான் கைகொடுக்கின்றன.

கேள்வி (சென்னை): சார், இங்கே கிளப்பும் இல்லை, கடையும் இல்லை. பெட்டியை வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை. நானும் என் தம்பியும் எப்படி ஆரம்பிப்பது?

பதில்: காகிதத்தில் ஆரம்பியுங்கள். டிபிஏ என்று ஒரு விதி, முதல் பதிப்பு 1990-இல் வந்தது. ஒரு படைக்குப் பன்னிரண்டே அட்டைத் துண்டுகள், இரண்டடிக்கு இரண்டடி பலகை, ஒரு மணி நேர ஆட்டம். அட்டையை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஈட்டி, வில், குதிரை, யானை என்று உங்கள் கையாலேயே வரைந்து நிறுத்துங்கள். அதன் படைப் பட்டியலில் தமிழ்ப் படைக்கும் இடம் உண்டு, யானைகளோடு. ஒருவர் அதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவர் சிங்களப் படையை எடுக்கட்டும். காட்டுக்குப் பச்சைத் துணி, மலைக்குப் புத்தகத்தை அடுக்கி மேலே ஒரு துண்டு. நான்கைந்து ஆட்டம் ஆடியபிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஒரே ஒரு பெட்டி வாங்கிவரச் சொல்லுங்கள்.